பறக்கும் வீரனும் பார்க்கும் சிறுவனும்

பெங்களூரின் அல்சூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலைத் துணையாக அமைவது பெரும்பாலும் தொலைக்காட்சியே. சன் குழுமம் 2007ஆம் ஆண்டில் தமிழில் 'சுட்டி' அலைவரிசையையும், 2009ஆம் ஆண்டில் கன்னடத்தில் 'சிண்டு' அலைவரிசையையும் சிறுவர்க்காகத் தொடங்கியது. இன்று அத்தகைய தொடர்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இவற்றுள் எதனைத் தம்பிக்குக் காட்டலாம் என்னும் முடிவு, பல வேளைகளில் வீட்டிலிருக்கும் அக்காளின் கைக்கே வந்து சேர்கிறது.

'பொம்மைப் படம்தானே, பார்த்தால் என்ன?' என்று எண்ணுவது எளிது. ஆனால், வரைந்து அசைக்கப்பட்டவை யாவும் சிறுவர்க்கு உரியவை அல்ல. ஐதராபாத்தில் உருவாகி, 2008ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகும் 'சோட்டா பீம்' சிறுவரை எண்ணியே படைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்வின்சிபிள்' என்னும் அமெரிக்கத் தொடரிலும் வண்ண உடை அணிந்த வீரன் வானில் பறக்கிறான். ஆயினும், குருதி பெருகும் அத்தொடர் பெரியவர்க்கு உரியது. எனவே, ஓவியத்தின் அழகைக் கொண்டு தொடரின் தகுதியை அளத்தல் இயலாது.

இந்திய அரசு 2021ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, இணையவழித் தொடர்களுக்கு அனைவர்க்கும் உரியவை, 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியவை, வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை என்னும் குறியீடுகள் வழங்கப்படுகின்றன. பார்க்கத் தொடங்கும் முன் இக்குறியீட்டை நோக்குதல் முதற்கடமை. எனினும், குறியீடு தொடரை அறியுமேயன்றி, அதனைப் பார்க்கும் குழந்தையை அறியாது. ஒரே வயதுடைய இருவருள் ஒருவன் இடியோசைக்கு அஞ்சுவான். மற்றவன் அதைக் கேட்டுச் சிரிப்பான்.

குழந்தைகள் கண்டதைச் செய்து பார்க்கும் இயல்பினர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். காற்றடைத்த பொம்மையை ஒருவர் அடிப்பதைச் சில குழந்தைகள் நேரில் கண்டனர். சிலர் திரைப்படமாகக் கண்டனர். சிலர் கேலிச்சித்திரப் பூனை அடிப்பதாகக் கண்டனர். எதையும் காணாத குழந்தைகளைவிட இம்மூன்று பிரிவினரும் பின்னர் மிகுந்த முரட்டுத்தனம் காட்டினர். பொம்மையை அடித்த குழந்தை உடன்பிறந்தாரையும் அடிக்கும் என்று இதனால் முடிவுகட்ட இயலாது. ஆயினும், பூனை வடிவில் வந்தாலும் அடி அடியாகவே மனத்தில் பதிகிறது என்பது தெளிவு.

நம் நாட்டிலும் இக்கவலை எழுந்ததுண்டு. 1997ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அவ்வீரனைப்போல் செய்ய முயன்று குழந்தைகள் காயமுற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அச்செய்திகள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதே தொடர், சிறுவர்க்கு நல்லொழுக்கம் கூறும் பகுதியையும் கொண்டிருந்தது. கதையில் நாள்தோறும் பறப்பவனைக் கண்ட கண்ணுக்கு, இறுதியில் கூறப்படும் அறிவுரை மட்டும் போதுமா என்பதே கேள்வி.

அல்சூரில் ஒரு வீட்டில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலின்மேல் ஏறி நின்றான். ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்காள் தொலைக்காட்சியை உடனே அணைத்துவிடவில்லை. அவனைக் கீழே இறக்கி அருகில் அமர்த்திக்கொண்டாள்.

"அந்த அண்ணன் மாடியிலிருந்து விழுந்தாரே, அவருக்கு வலித்ததா?" என்று கேட்டாள்.

"வலிக்காது அக்கா. உடனே எழுந்துவிட்டாரே!"

"நீ பூங்காவில் விழுந்தாயே, உனக்கு?"

சிறுவன் முழங்காலின் தழும்பைத் தடவிப் பார்த்தான். "வலித்தது" என்றான்.

அவள் கேட்ட கேள்வியிலேயே தொடரை அளக்கும் கோல் ஒன்று உள்ளது. அடிபட்டவனுக்கு வலிப்பதாகக் கதை காட்டுகிறதா? வீரன் கையை ஓங்குமுன் சொல்லால் தீர்க்க முயல்கிறானா? ஒருவனது நிறத்தையோ உடற்பருமனையோ நகைப்புக்கு உரியதாக்குகிறதா? பார்த்து முடித்த குழந்தை அமைதியாக உறங்குகிறதா, அஞ்சி விழிக்கிறதா? இவற்றுக்கு விடை காண, ஓர் அத்தியாயத்தையேனும் மூத்தவர் முன்னதாகப் பார்த்தல் வேண்டும். அளவும் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

வீரக் கதைகளை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. அனுமன் கடலைத் தாண்டியதையும் வீமன் அரக்கரை வென்றதையும் கேட்டு வளர்ந்தவரே நம் முன்னோர். ஆனால், பாட்டி கதை சொல்லும்போது குழந்தை அஞ்சினால் குரலைத் தாழ்த்துவாள். வினவினால் நிறுத்தி விடை கூறுவாள். திரை அவ்வாறு நிற்பதில்லை. அருகில் அமர்ந்து நிறுத்தவும் வினவவும் ஒருவர் இருக்கும்போதுதான் தொடரும் கதையாகிறது. அவ்வொருவர், தாய்மொழியில் பேசும் அக்காளாகவோ அண்ணனாகவோ இருப்பின், குழந்தைக்கு வீரமும் விளங்கும், தமிழும் வளரும்.