மாமனைக் கூட்டி வரப் போனது

நான் முதன்முதலாகக் கள்ளுக்கடைக்குப் போனது எட்டாவது வயதில். வாசகர்கள் பதற வேண்டாம். குடிக்கப் போகவில்லை, குடித்துக்கொண்டிருந்த என் மாமனைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வரப் போனேன். பொழுது சாய்ந்து, சோற்றை வடித்துவிட்டு, அத்தை வாசலுக்கு வருவாள். "ஏங் கண்ணு, சித்தெ போயி உங்க மாமனெக் கூட்டியா" என்பாள். அவ்வளவுதான். எந்தக் கடை, எந்த இடம் என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை.

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகிற சாலையில், ஊர் முடிந்து பனைமரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் அந்தக் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓலைக் கொட்டகை, சாணி மெழுகிய தரை, மூலையில் வாய் அகன்ற பானைகள். பானையின் மேல் நுரை கட்டி நிற்கும். புளித்த வாசனை சாலைக்கே வந்து ஆளை வரவேற்கும். வாசலில் ஒரு பாட்டி அவித்த மொச்சையும் கருவாட்டு வறுவலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டால் ஒரு கை மொச்சை இலவசம். மாமனைக் கூட்டி வருவதில் எனக்கிருந்த உற்சாகத்துக்கு அந்த மொச்சையும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

உள்ளே மரமேறிகள், வண்டிக்காரர்கள், கண்ணபுரம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் குந்தியிருப்பார்கள். அமராவதியில் தண்ணீர் விடுவார்களா, சின்ன வெங்காயம் என்ன விலை போகிறது, யார் வீட்டுக் காளைக்குச் சுழி சரியில்லை என்று பேச்சு ஓடும். நான் போய் நின்றதும் கடைக்காரப் பெரியவர் மாமனின் மொந்தையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். "போதுமப்பா. மருமவன் வந்துட்டான், கெளம்பு" என்பார். மாமன் முனகுவார், ஆனால் எழுந்துவிடுவார். வீட்டில் அத்தை சொன்னால் கேளாத மனிதர், மொந்தையைக் கவிழ்த்தால் கேட்டார்.

இது நடந்தது 1986-ல். அடுத்த வருஷம் ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. மூடுவதும் திறப்பதும் நம் ராஜ்யத்துக்குப் புதிதல்ல. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்து வைத்த மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்து, 1974-ல் மறுபடி இறுகியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கு வழி பிறந்து, ஆறே வருஷத்தில் அடைபட்டது. அன்று அடைபட்டதுதான். சீமைச் சாராயம் என்று நாங்கள் சொன்ன பிராந்திக்கும் விஸ்கிக்கும் மட்டும் கதவு திறந்தே இருந்தது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று உண்டான அரசாங்கத்தின் வாணிபக் கழகம், 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் என்ற பெயரைப் பால் குடிக்கிற குழந்தைகூட அறியும் என்பதால் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்திலே ஒரு கம்பெனி இருக்கிறது. வெதர்ஸ்பூன் என்று பெயர். 1979-ல் வடக்கு லண்டனில் ஒரே ஒரு கடையாக ஆரம்பித்தது. மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைகளையும் பாங்கிக் கட்டடங்களையும் பிடித்து, பீரை மலிவாக விற்று, இன்று எண்ணூறு கடை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் உள்ளூர்ச் சிறு கடைகள் நொடித்துப் போகின்றன என்று அங்கே பழைய மனிதர்கள் அங்கலாய்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தம் மனசுக்குப் பிடித்த மதுக்கடை எப்படியிருக்க வேண்டும் என்று எழுதி, அதற்கு ஒரு கற்பனைப் பெயரும் சூட்டினார். அந்தக் கம்பெனி அதே பெயரைத் தன் கடைகள் பலவற்றுக்கு வைத்துக்கொண்டது! இருந்தாலும், அங்கே உட்கார நாற்காலி உண்டு, பசித்தால் சாப்பாடு உண்டு.

எண்ணூறு கடையைக் கண்டு அவர்கள் அங்கலாய்க்கிறார்கள். நம்மிடம் 2023-ல் ஐந்நூறு கடைகளை மூடிய பிறகும் மிஞ்சியவை 4,829. இங்கே விலை போட்டியால் சிறு கடை தோற்கவில்லை, போட்டியே கிடையாது. சட்டம் ஒன்றை மூடியது, மற்றொன்று இடத்தைப் பிடித்தது. கம்பி வலைக்குள்ளே கையை நீட்டிக் காசைக் கொடுத்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். பின்னால் நிற்பவர் அவசரப்படுவார். சில இடங்களில் பக்கத்திலேயே பார் உண்டு. அதை ஏலத்தில் எடுத்தவர் வேறொருவர், அங்கே தண்ணீருக்கும் தம்ளருக்கும் தனிக் காசு. மற்ற இடங்களில் வாய்க்கால் கரையும் வேலியோரமும்தான் பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. நன்றாகப் புளித்த கள்ளிலே ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குவார்ட்டருக்குச் சமமாக ஒன்றரை லிட்டர் கள் குடித்தாக வேண்டும். அதற்கு வயிறும் வேண்டும், ஒரு சாயங்காலமும் வேண்டும். குவார்ட்டருக்குப் பத்து நிமிஷம் போதும். இன்னொன்றும் உண்டு. கள் தங்காது. காலையில் இறக்கினது மறுநாள் காடியாகிவிடும். ஆகையால் கள்ளுக்கடை மரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும். மரம் ஏறுகிறவனும் விற்கிறவனும் குடிக்கிறவனும் ஒரே ஊர்க்காரர்களாகத்தான் இருக்க முடியும். பாட்டில் எத்தனை நாளும் தாங்கும், எத்தனை மைலும் போகும்.

மாமன் கதைக்கு வருகிறேன். கிணறு வற்றிக் காட்டை விற்ற பிறகு அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். அயர்ன் தேய்க்கிற வேலை. சனிக்கிழமை சம்பளம், ராத்திரி பஸ் ஏறித் தாராபுரம் வந்துவிடுவார். 2009-ல் ஒரு சனிக்கிழமை வரவில்லை. நடுநிசியில் அத்தை போன் செய்தாள்.

"கண்ணு, உங்க மாமனெக் காணமே. எங்கீன்னு போயித் தேடறது?"

எட்டு வயதில் கேட்க வேண்டியிராத கேள்வி. முப்பது வயதில் எனக்கு விடை தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, ஆற்றுப் பாலம், கோவில் மண்டபம் என்று சுற்றினேன். அவரைக் கண்டவர்கள் யாரும் இல்லை. சொல்லப்போனால், அவர் யார் என்று அறிந்தவர்களே இல்லை. விடிகிற நேரத்தில் அமராவதிக் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். செருப்பில்லை, சம்பளக் கவர் இல்லை. எங்கே வாங்கினார், எவ்வளவு குடித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து ஆகப்போவது என்ன? அவருக்கே வெட்கமாயிருந்தது.

"நீ வருவீன்னு பாத்துட்டே இருந்தேன், மாப்ளே. அப்பிடியே கண்ணு அசந்துருச்சு" என்றார்.

மாமன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லீரல்தான்.

போன தை மாசம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தபோது, கள்ளுக்கடையைத் திறக்க வேண்டுமென்று விவசாயிகள் கேட்கிற செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பனையின் பெருமை, தெளுவின் ருசி, மொந்தையைக் கவிழ்த்து வைத்த பெரியவரின் குணம் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு. இல்லாததை நினைத்தால் கண் கலங்கிவிடும். அத்தை முறத்தில் அவரை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பெரியவரு அத்தனெ நல்லவருங்கறே. ஒரு நா உங்க மாமன் காயிதப் பொட்டணம் ஒண்ணு உங்கிட்டக் குடுத்து, கடைக்காரருகிட்டக் குடுத்துட்டு வாடான்னாரே, நெனப்பு இருக்குதா?"

இருந்தது. புகையிலை என்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு, மொச்சை வாங்கித் தின்றுகொண்டு திரும்பினேன்.

"அது என்ற கம்மலு. கடன் பாக்கிக்கி. உங்க அம்மாயிதான் எருமையெ வித்து மீட்டுக் குடுத்தா."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அத்தை இன்னும் நாலு அவரைக்காய் உரித்தாள்.

"கள்ளுன்னா என்ன, பாட்டலுன்னா என்ன? எனக்கு ரெண்டும் ஒரே நாத்தந்தான். கடையா வந்து இவரெக் கையப் புடிச்சு இழுத்துச்சு?" என்றவள், சற்றுப் பொறுத்து, "ஆனா அப்பெல்லாம் உன்னையத் தாட்டி உட்டுட்டு ரசத்தெத் தாளிக்க ஆரம்பிப்பேன். தாளிச்சு எறக்கறக்குள்ள ரெண்டு பேரும் வந்துருவீங்க" என்றாள்.

பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்று குரல் மட்டும் வந்தது. நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது.