மடியில் இழைப்புளி

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நூலகத்திலிருந்து ஓர் ஓவியப் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். அதில் ஒரு படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இத்தாலியில் சியனா நகர மண்டபத்தில், 1338-39ல் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி வரைந்த 'நல்லாட்சி' சுவரோவியம். நீதி, அமைதி, ஒற்றுமை எல்லோருமே பெண்கள்தான். அமைதி, பழைய ரோமானியச் சிலை மாதிரி வெள்ளை உடையில் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கிறாள். மேலே ஞானம் பிடித்திருக்கும் தராசிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்குகின்றன. கீழே ஒற்றுமை அவற்றைச் சேர்த்து 24 நகரவாசிகளின் கையில் கொடுக்கிறாள். பக்கத்துச் சுவரில் அதன் பலன்: நடனம், செருப்புக் கடை, கூரை மேல் வேலை பார்க்கும் கொத்தனார்கள். செழிப்பான ஊர்!

ஒற்றுமையின் மடியில் ஏதோ ஒரு பெட்டி என்று நினைத்திருந்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "இது இழைப்புளி ஆச்சே!" என்றார். அப்பா தச்சு வேலை செய்பவர். ஒற்றுமைக்கு எதுக்குப்பா இழைப்புளி என்றேன்.

"அது மேட்டைத்தான் சீவும். பள்ளத்தைத் தொடாது. மேடு இறங்கினாத்தான் பலகை சமமாகும்" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்தான் எங்கள் வகுப்புப் பிரதிநிதி. சுற்றுலாவுக்கு ஆளுக்கு 4000 ரூபாய் என்று முடிவானபோது ஆறு பேர் முடியாது என்றார்கள். "வகுப்பு ஒற்றுமைக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கப்பா" என்று நான் கேட்டது அந்த ஆறு பேரிடம்தான். பணம் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளத்தில் இழைப்புளி போட்டிருக்கிறேன்!

அந்த ஓவியம் இருப்பது சியனாவை ஆண்ட ஒன்பது பேர் குழு கூடிய அறை. பெரும்பாலும் வசதியான வணிகர்கள், வங்கிக்காரர்கள். கூட்டம் போடும்போதெல்லாம் அவர்கள் கண்ணில் அந்த இழைப்புளி பட்டிருக்கும். அதன்படி நடந்தார்களா என்பது வேறு விஷயம். 1355ல் அவர்கள் ஆட்சி கவிழ்ந்தது.

திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்புகிற இடமாகப் பார்க்கலாம் என்று சொல்லப் போகிறேன். சிலர் திட்டுவார்கள். திட்டட்டும். முதலில் அந்த ஆறு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் கஷ்டம்.