பெயர் மலைப்பூண்டு!

கொடைக்கானல் சென்று திரும்புவோர் கையில் பூண்டுப் பொட்டலம் இல்லாதிருப்பது அபூர்வம். நாமும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் பொட்டலம் கட்டுமுன், "ஐயா, இது எந்த ஊரில் விளைந்தது?" என்று கேட்பது நம் வழக்கம். பூம்பாறை என்றோ மன்னவனூர் என்றோ உடனே விடை வந்தால், ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்ப்போம். "எல்லாம் மலைப்பூண்டுதான், ஸார்!" என்று மழுப்பினால் நடையைக் கட்டுவோம்.

பழனி மலைச் சரிவுகளில் விளையும் இப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு ஏறினால் போலிகளுக்கும் கொண்டாட்டந்தானே? சமவெளிச் சந்தையில் வாங்கிய பூண்டு, மலையேறியதும் பெயரை மாற்றிக்கொள்கிறது. சீனப் பூண்டின் இறக்குமதியை இந்தியா 2014-ல் தடை செய்த பின்னரும், அது கள்ளவழியில் வந்து பிடிபட்டதுண்டு. பருத்த பற்கள், எளிதில் உரியும் தோல், மந்தமான மணம். கண்ணுக்கு அழகு, குழம்புக்கு ஏமாற்றம்! அசல் மலைப்பூண்டிலோ மணமும் காரமும் மிகுதி. புகை படும் இடத்தில் தொங்கவிட்டுக் காத்தால் மாதக்கணக்கில் கெடாது.

போலியை வாங்கினால் நமக்கு நஷ்டம் சில ரூபாய்தான். குளிரிலும் பனியிலும் பாடுபடும் மலைக் குடியானவர்களுக்கோ, தலைமுறைகளாய்ச் சேர்த்த நற்பெயரே பறிபோகிறது. ஆகவே, ஊர் கேட்டு வாங்கக் கூச்சம் வேண்டாம். அந்த ஒரு கேள்வியே அவர்கள் பெயருக்குக் காவல்.