போன சீட்டுகள்

சீட்டாட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. படிமம் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதுகிற நம்மில் பலர் ராத்திரியில் ரம்மி ஆடுகிறவர்கள்தாம் என்பது ரகசியமல்ல. ஆனால் நான் சொல்ல வந்தது ரம்மியைப் பற்றியல்ல. போக்கரில் ஏழு சீட்டு ஸ்டட் என்று ஒரு வகை. 1994இல் நியூ ஜெர்ஸியில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தபோது கீழ்வீட்டுக்காரர் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். தபால் இலாகாவில் முப்பது வருஷம் கடிதங்களைப் பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவர். 'சார்' என்று கூப்பிட்டதற்கு, நான் என்ன கர்னலா என்று கேட்டார். பெயர் சொல்ல எனக்கு நா எழவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டேன், நம்மூரில் மாமனாரிடம் பேசுவது போல.

வியாழக்கிழமை இரவுகளில் அவருடைய சமையலறை மேஜையைச் சுற்றி ஆறு பேர். ஆளுக்கு ஐந்து சென்ட் நடுவில் வைக்கவேண்டும். ஆளுக்கு மூன்று சீட்டு. இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. திறந்ததில் ஆகச் சிறிய சீட்டு எவனிடம் இருக்கிறதோ அவன் முதலில் பணம் போட்டாக வேண்டும். பலவீனன்தான் பேச்சைத் தொடங்கவேண்டும் என்கிற இந்த நிர்ப்பந்தம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான்காவது சீட்டிலிருந்து இது தலைகீழ். மேஜைமேல் தெரிகிற சீட்டுகளில் யாருடையவை பெரியவையோ அவனுக்கு முதல் பேச்சு. நான்கு, ஐந்து, ஆறு திறந்து விழும். ஏழாவது மறுபடியும் கவிழ்ந்து. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எங்கள் மேஜையில் முதலில் கால் டாலர், ஐந்தாவது சீட்டிலிருந்து அரை டாலர். ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. எட்டுப் பேர் உட்கார்ந்து ஒருவரும் விலகாவிட்டால் 56 சீட்டு வேண்டும், கட்டில் இருப்பது 52. அப்போது கடைசிச் சீட்டு ஒன்றை நடுவில் திறந்து வைத்து எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிடுவார்கள். தன் ஆயுளில் அப்படி நடந்து பார்த்ததில்லை என்றார் கிழவர். எட்டுப் பேரும் முட்டாள்களாக அமைவது அபூர்வமாம்.

விதிகள் ஒரு மாலையில் வந்துவிட்டன. விலகுவதற்குக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. முதல் மூன்று சீட்டும் ஒரே எண்ணாக வருவது 425இல் ஒரு தடவை. பெரிய ஜோடி, ஒரே ஜாதியில் மூன்று, அடுத்தடுத்து மூன்று, இவையும் அடிக்கடி வருவதில்லை. மற்றதையெல்லாம் வீசிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. ஆட உட்கார்ந்தவன் ஆடாமல் இருப்பதை வெகுநாள் ஒரு கோழைத்தனமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் சீட்டு எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் மற்றவர்களுடையதைப் பார்" என்பார். எட்டுப் பேர் ஆட்டத்தில் என் கையில் மூன்று இஸ்பேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே திறந்து கிடக்கும் ஏழில் இஸ்பேட் ஒன்றுகூட இல்லையென்றால் கடைசிக்குள் எனக்கு ஐந்து இஸ்பேட் சேர நூற்றுக்கு 23, 24 வாய்ப்பு. அந்த ஏழில் நான்கு இஸ்பேடாக இருந்தால் அது 9 ஆகிவிடும். என் கை மாறவேயில்லை. ஆனால் அது வேறு கை. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நல்ல விமர்சனக் கட்டுரைகள் சிலவே தந்திருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், விலகுகிறவன் தன் திறந்த சீட்டுகளையும் கவிழ்த்து ஒதுக்கிவிடுவான். பிறகு அதை எவரும் புரட்டக்கூடாது. போன சீட்டுகளைத் தலைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். விழுகிற சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி திறமையைச் சார்ந்தது, மூணு சீட்டு அப்படியல்ல என்று நம் உச்ச நீதிமன்றமே 1968இல் சொல்லியிருக்கிறது. நீதிபதிகளுக்கு ஸ்டட் பரிச்சயம் இருந்திருந்தால் இன்னும் தாராளமாக எழுதியிருப்பார்கள். இன்று உலகம் பூராவும் ஆடுகிற ஹோல்டெம் வகையில் இந்தத் தொல்லை இல்லை. பொதுச் சீட்டுகள் ஐந்தும் கடைசிவரை நடுவிலேயே கிடக்கும். விலகுகிறவனின் சீட்டை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். 2003க்குப் பிறகு டெலிவிஷன் தயவில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. டெலிவிஷனுக்கு மறதி சௌகரியம்.

கிழவர் முப்பது வருஷம் தெருப்பெயர்களையும் வீட்டு எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். ஆட்டம் முடிந்தபின் யார் எப்போது எதை வீசினார்கள் என்று வரிசையாக ஒப்பிப்பார். மூன்றாவது வருஷம் இந்த ஒப்பித்தல் நின்றது. அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு இரண்டு வியாழக்கிழமைகள், ஏற்கெனவே போய்விட்ட சீட்டுக்காக அவர் பணம் போடுவதைக் கவனித்தேன். மற்றவர்களும் கவனித்தார்களா, தெரியாது.

அதற்கடுத்த வியாழன். அவர் முன்னால் திறந்திருந்தது ராணி. என் இடப்பக்கத்துக்காரரிடமும் ஒரு ராணி. கிழவர் கால் டாலர் போட்டார், இடப்பக்கத்து ராணி விலகியது. என்னிடம் கவிழ்ந்த இரண்டும் நாலு, மேலே ஒன்பது. ராணிக்கெதிரே சின்ன ஜோடியை வீசவேண்டும் என்பது அவரே சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்த சீட்டே மூன்றாவது நாலாக விழ 22இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. நான் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

நாலு விழுந்தது. எங்களோடு நின்ற மூன்றாவது ஆளுக்கு விழுந்தது இன்னொரு ராணி. கிழவர் மறுபடி பணம் போட்டதும் அவரும் விலகினார். ஐந்தாவதில் கிழவர் அரை டாலர் போட்டார், நான் அதை ஒரு டாலராக்கினேன். யோசித்துவிட்டு வந்தார். ஆறாவதில் அவருக்கு மேலே இரண்டு ஏழு சேர்ந்தது. அதன்பின் நான் ஏற்றாமல் ஈடு மட்டும் போட்டேன். அதைக் கருணை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், மூன்றாவது ஏழு உள்ளே இருக்குமோ என்கிற பயம்.

அவர் திறந்து காட்டியது இரண்டு ராணி, இரண்டு ஏழு. என்னுடையது மூன்று நாலு. நடுவில் இருந்தது ஆறு டாலருக்கும் குறைவு. அதை என் பக்கம் இழுத்துக்கொள்ளும்போது யாரும் பேசவில்லை. "மூன்றாவது ராணிக்காகக் காத்திருந்தேன்" என்றார்.

எல்லோரும் போனபிறகு தட்டுகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்கட்டைப் பெட்டிக்குள் போட்டபடி என்னைப் பார்க்காமல் கேட்டார்: "எத்தனை ராணி போயிருந்தது?"

"ஒன்று" என்றேன்.

"அப்படியானால் நான் ஆடியது சரிதான். ஒன்று கட்டுக்குள் இருந்திருக்கிறது."

"ஆமாம், இருந்திருக்கிறது" என்றேன்.