கடைசிப் பயிற்சியும் தோட்டத்து ஜெபமும்



நம் பகுதியிலிருந்து வேலைக்காகச் சென்னைக்குச் சென்ற வாலிபர் ஒருவர், ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானுக்காகப் பல மாதங்கள் தம்மை ஆயத்தப்படுத்தினார். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, அண்ணா நகர் டவர் பூங்காவில் கடைசிப் பயிற்சியை முடித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

"எவ்வளவு தூரம் ஓடினீர்கள், தம்பி?" என்றேன்.

"மூன்று கிலோமீட்டர்தான், ஐயா. அதற்கு மேல் ஓடினால் கால் சோர்ந்துபோகும்" என்றார்.

42.195 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு மூன்று போதுமா? போதும். ஓடிய ஓட்டம் உடலில் பெலனாக மாறுவதற்குப் பல நாட்கள் செல்லும். ஆகையால் ஓட்டக்காரர்கள் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டிக் கால்கள் கனக்கும்போது அவர்களைத் தாங்குவது, மாதக்கணக்கில் விடியற்காலைகளில் ஓடிய ஓட்டமே. மக்காச்சோளம் பயிரிடுகிற பெரம்பலூர் விவசாயிக்கும் இது தெரியும். அறுவடைக்கு முந்தின நாள் இடும் உரம் கதிரில் சேராது.

நம் ஆண்டவரும் தமது கடைசி இரவில் ஒரு தோட்டத்துக்குப் போனார். அவர் வழக்கமாகப் போகிற இடம் அது என்று லூக்கா 22ஆம் அதிகாரமும் யோவான் 18ஆம் அதிகாரமும் காட்டுகின்றன. அந்த இரவுக்கென்று அவர் புதிதாய் ஜெபிக்கத் தொடங்கவில்லை. பேதுருவோ, மரணம்வரை வருவேன் என்று வாக்குக்கொடுத்தும், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் உறங்கிப்போனான்.

அரியலூர்ப் பக்கத்துத் தாயார் ஒருவர், அறுவைச் சிகிச்சைக்கு முந்தின மாலை மருத்துவமனையில் இருந்தார். நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் ஒரு சங்கீதத்தை வரிசைப்படி வாசிப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். "அம்மா, இன்றைக்காவது 91ஆம் சங்கீதம் வாசியுங்களேன்" என்று மகன் கலங்கினார். "அதை அதன் நாளிலே வாசித்தாயிற்று, ராசா" என்று சொல்லி, அன்றைய முறைக்குரியதையே வாசித்தார். அதன்பின் எட்டு நாட்களே அவர் உயிரோடிருந்தார். அந்த எட்டு நாளும் அவர் முகத்தில் கலக்கத்தை நான் காணவில்லை.

கடைசி நேரக் கூப்பிடுதலையும் கர்த்தர் கேட்கிறார். சிலுவையில் மனந்திரும்பிய கள்வன் அதற்குச் சாட்சி. கிருபையை நாம் பயிற்சியினால் சம்பாதிப்பதில்லை. ஆனாலும் சோதனை வரும் நாளில் நிலைநிற்கும் பெலன், ஒன்றும் நேராத சாதாரண நாட்களில் ஜெபிக்கிற ஜெபத்தினால் நமக்குள் வளருகிறது. உங்கள் வீட்டில் நோயும் நெருக்கமும் இல்லாத வாரமாக இது இருக்கலாம். அப்படியானால் இதுவே உங்கள் ஆயத்தக் காலம். இன்று மாலையே குடும்பமாய் உட்கார்ந்து தொடங்குங்கள்.

கர்த்தர்தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.