விசில் அடித்தால் தண்ணீர் வரும் தோட்டம்!

பிரான்ஸ் என்றதும் முதலில் ஈஃபில் டவர் ஞாபகம் வரும். அடுத்தபடியாக வெர்சாய் அரண்மனையும் அதன் தோட்டமும். போட்டோவில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். புல்வெளி, மரவரிசை, குளம், நீரூற்று எல்லாமே ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசையில் நிற்கும். ஆனால் இவ்வளவு நீரூற்றுகள் உள்ள இடத்தில் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர்ப் பஞ்சம் என்றால் நம்ப முடிகிறதா?

கதை ஒரு விருந்தில் தொடங்குகிறது. 1661 ஆகஸ்ட் 17. பிரான்ஸின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃபூக்கே, தான் புதிதாகக் கட்டிய மாளிகைக்கு மன்னர் 14ஆம் லூயியை அழைத்தார். மன்னருக்கு அப்போது 22 வயது. தன்னிடம் இல்லாத அழகான தோட்டம் தன் ஊழியரிடம் இருக்கிறது! ஃபூக்கேயைக் கைது செய்யும் திட்டம் ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது. விருந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மூன்று வாரத்துக்குள் கைது. 1680இல் சாகும்வரை அவருக்குச் சிறைதான்.

அவர் மாளிகையைக் கட்டியவரையும், அலங்கரித்தவரையும், தோட்டம் போட்டவரையும் மன்னர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அங்கிருந்த ஆரஞ்சு மரங்கள்கூட வெர்சாய்க்கு வந்து சேர்ந்தன. (இன்றைய கம்பெனிகள் போட்டிக் கம்பெனியின் ஆட்களை இழுப்பதெல்லாம் இதன் முன்னால் எம்மாத்திரம்!)

தோட்டம் போட்டவர் பெயர் ஆந்த்ரே லெ நோத்ர். பரம்பரைத் தோட்டக்காரர். வெர்சாயில் மன்னரின் அப்பா 1623இல் கட்டிய வேட்டை விடுதி இருந்தது. சுற்றிலும் காடு, சதுப்பு நிலம். லெ நோத்ர் அதன் நடுவே நேராக ஒரு அச்சுக்கோடு போட்டார். அரண்மனை வாசலில் நின்றால் படிகள், பூப்பாத்திகள், நீளமான புல்வெளி என்று பார்வை வழுக்கிக்கொண்டே போய், கடைசியில் 1,670 மீட்டர் நீளமுள்ள பெரிய கால்வாயில் முடியும். அந்தக் கால்வாயை வெட்ட மட்டும் 1668 முதல் 1679 வரை ஆனது. கோட்டின் இரு பக்கமும் மரங்களையே சுவராக்கி, அவற்றுக்குள் ரகசிய அறைகள் மாதிரி சின்னச் சின்னத் தோப்புகள்.

எல்லாம் சரி, தண்ணீர்? பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. மோட்டார் இல்லாத காலத்தில் நீரூற்று பீய்ச்ச வேண்டுமானால் தண்ணீர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டிக் கணக்குதான். அரண்மனையோ மேட்டில் இருக்கிறது. பெரிய கால்வாய் தோட்டத்தின் பள்ளத்தில் இருக்கிறது. கண்ணெதிரே அவ்வளவு தண்ணீர் இருந்தும், மேலே ஏற்றினால்தான் உபயோகம்.

அதற்காக சேன் நதியில் 'மார்லி இயந்திரம்' கட்டினார்கள். 14 ராட்சதச் சக்கரங்கள், 200க்கு மேற்பட்ட பம்புகள். 1684இல் ஓட ஆரம்பித்தது. நதியிலிருந்து 150 மீட்டருக்கும் மேல் தண்ணீரை ஏற்றியது. அந்தக் காலத்துக்கு அது அதிசயம்தான். ஆனாலும் போதவில்லை.

இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கத்தான் விசில் ஏற்பாடு. மன்னர் நடந்து வரும்போது ஊழியர்கள் விசில் அடித்துத் தகவல் சொல்வார்கள். முன்னால் இருக்கும் நீரூற்றைத் திறப்பார்கள். அவர் கடந்து போனதும் மூடிவிடுவார்கள். இயற்கையே தனக்கு அடிபணிகிறது என்று உலகத்துக்குக் காட்டிய மன்னருக்கு, வால்வு திருப்பும் ஊழியர்கள் நடத்திய மேஜிக் ஷோ!

இதுவரை சிரிக்கலாம். மன்னருக்கு அதுவும் போதாமல், 1685 வாக்கில் தொலைவில் இருந்த இன்னொரு நதியையே சுமார் 80 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டித் திருப்பச் சொன்னார். போரில்லாத நேரம் என்பதால் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மண் வெட்ட அனுப்பப்பட்டார்கள். நிறையப் பேர் காய்ச்சலில் விழுந்து செத்தார்கள். அதற்கு முன்பே, வெர்சாய் கட்டுமான வேலையில் இறந்தவர்களை இரவில் வண்டி வண்டியாக ஏற்றிப் போகிறார்கள் என்று 1678இல் செவின்யே சீமாட்டி கடிதம் எழுதியிருக்கிறார். கடைசியில் போர் வந்தது, சிப்பாய்கள் போனார்கள், வேலை நின்றது. அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெர்சாய் வந்து சேரவில்லை. மேந்தனோன் என்ற ஊரில் பாதி கட்டிய தொட்டிப்பாலத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

தோட்டத்தின் நடுவில் லத்தோனா நீரூற்று இருக்கிறது. சூரியக் கடவுள் அப்போலோவின் அம்மா லத்தோனா. தாகத்தோடு வந்த அவளைக் குடிக்க விடாமல் ஊர்க்காரர்கள் குளத்தைக் கலக்கினார்கள். அதற்குத் தண்டனையாகத் தவளைகள் ஆனார்கள். அந்தத் தவளைகளின் வாயிலிருந்துதான் தண்ணீர் பீய்ச்சுகிறது. தன்னைச் சூரியன் என்று சொல்லிக்கொண்ட மன்னர், தாகத்துக்குத் தண்ணீர் தராதவர்களின் கதையைச் சிலையாக வைத்தார். அவருடைய வேடிக்கைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்ச் செத்த சிப்பாய்களுக்கு அங்கே ஒரு சிலையும் இல்லை.

வெர்சாய் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வார இறுதிகளில் டிக்கெட் வாங்கினால் இசையோடு நீரூற்றுகளைப் பார்க்கலாம். அதுவும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான். 300 வருஷம் கழித்தும் தண்ணீரை எண்ணித்தான் திறக்கிறார்கள். போகிறவர்கள் டைம்டேபிளைப் பார்த்துவிட்டுப் போங்கள். முடிந்தால் மேந்தனோனுக்கும் ஒரு நடை போய் அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். தோட்டத்தின் உண்மையான செலவுக் கணக்கு அங்கேதான் இருக்கிறது.