வீட்டுக்குள் ஒரு சர்வர்

உணவு விடுதிக்குச் செல்கிறோம். அடுக்களைக்குள் நாமே நுழைந்து சட்டியைத் திறப்பதில்லை. மேசையில் அமர்ந்து கேட்கிறோம். சர்வர் கொண்டுவந்து வைக்கிறார். கணினி உலகிலும் சர்வர் என்ற சொல்லுக்கு ஏறத்தாழ இதே பொருள்தான்: கேட்ட பக்கத்தை எடுத்துவந்து தரும் மென்பொருள். அது எங்கோ தொலைதேசத்தில், பெருங்கட்டடம் ஒன்றில்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் மடியில் இருக்கும் சிறு கணினிக்குள்ளேயே அது இயங்கும் என்ற செய்தி, கடலூரில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் ஒரு சிக்கலைத் தீர்த்தது.

வலைப்பக்கம் வடிவமைக்கும் தொழிலின் ஆரம்பப் பாடத்தை எங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது பெற்றோர் தயங்கினர். "ஹஜ்ரத், பிள்ளையை ஒழுக்கத்துக்காகத்தான் உங்களிடம் விட்டிருக்கிறோம். இண்டர்நெட்டைத் திறந்துவிட்டால் உள்ளே எது வரும், எது வராது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?" என்று ஒரு தாயார் கேட்டார். இவ்வச்சத்தைப் பிற்போக்கு என்று நகைப்போர், பதின்மூன்று வயதுச் சிறுவனின் கைப்பேசியை ஒருமுறை வாங்கிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. எனினும், ஓதி முடித்து வெளியேறும் இளைஞனுக்கு இமாமத்தையும் மக்தப் பாடத்தையும் தவிர வேறொரு கைத்தொழில் தெரியாமல் போவதும் நாம் அவனுக்கு இழைக்கும் அநீதியன்றோ? அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை நம் ஆலிம்களின் இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வழி காட்டியவன் என் சகோதரியின் மகன். சிதம்பரத்தில், நான் கலைப்பாடம் பயின்ற அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன். அவன் சுமந்துவந்தது புதிய கணினியன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவன் தமக்கை பெற்றது. அத்தகைய மடிக்கணினிகள் நம் வீடுகள் பலவற்றில் பீரோவின் மேல் துணி போர்த்தி உறங்குகின்றன. அவற்றுள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. அதனுள் பைத்தான் என்னும் கணினிமொழி முன்னரே அமைந்திருக்கிறது. அம்மொழியிலோ ஒரு சிறு சர்வர் ஒடுங்கிக் கிடக்கிறது! விண்டோஸில் மட்டும் பைத்தானை ஒருமுறை நிறுவிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களின் பெயர்களை அரபியிலும் தமிழிலும் காட்டும் பக்கமொன்றை எழுதியிருந்தனர். பெயர்ப் பட்டியல் தனிக் கோப்பில் இருந்தது. பக்கத்தை நேரே சொடுக்கித் திறந்தால் தலைப்பு வந்தது, வண்ணம் வந்தது, பட்டியல் மட்டும் வரவில்லை. வட்டிலிருந்து நேராகத் திறக்கப்படும் பக்கத்தின் நிரல், பக்கத்திலுள்ள கோப்புகளைப் படிக்க பிரவுசர் இசைவதில்லை. இசைந்தால், எவரோ அனுப்பிய பக்கமொன்று நம் சொந்த ஆவணங்களையும் துழாவிவிடும் அல்லவா? இது குறையன்று, காவல். அடுக்களைக்குள் வாடிக்கையாளரை விடாத காவல்.

என் மருமகன் அந்தக் கோப்புறைக்குள் நின்று பைத்தானின் சர்வரை அழைக்கும் ஒற்றை வரிக் கட்டளையை இட்டான். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்றும் 8000 என்றும் முகவரி எழுதினான். 114 பெயர்களும் வரிசையாக வந்து நின்றன, அல்ஹம்துலில்லாஹ். லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1 என்ற எண்ணின் பெயர். இந்தக் கணினியே என்று பொருள். அம்முகவரிக்கு எழுதும் கேள்வி கணினியை விட்டு வெளியே போவதே இல்லை.

வியாழன் அஸருக்குப் பின் பெற்றோரை அழைத்தோம். அறையில் இணையம் வரக்கூடிய ஒரே வழி அவனுடைய கைப்பேசி. அதை அணைத்துக் கேள்வி கேட்ட தாயாரின் கையிலேயே கொடுத்துவிட்டு, "மாமு, இப்போது திறந்து பாருங்கள்" என்றான். பக்கம் வந்தது. இணையம் அறுந்துபோவது கடலூருக்குப் புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் மின்சாரத்துக்கே பல நாள் காத்திருந்தவர்கள் நாம்.

வியப்பதற்கில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இயக்கிய உலகின் முதல் வலை சர்வரும் ஒரு மேசைக் கணினிதான். எவரும் நிறுத்திவிடாதிருக்க அதன்மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. எந்தக் கோப்புறையில் சர்வரைத் தொடங்குகிறோமோ அதிலுள்ள அனைத்தையும் அது எடுத்துக் காட்டும். ஆகவே குடும்பப் புகைப்படங்கள் உள்ள இடத்தில் தொடங்கலாகாது. சும்மா தொடங்கினால் அதே வைஃபையில் உள்ள பிறரும் பார்க்கலாம். புதிய பைத்தான் பதிப்புகளில் 127.0.0.1 என்று கட்டளையிலேயே குறித்தால் அவ்வழி அடைபடும். ஊருக்கான தளத்தை இதில் நடத்தக் கூடாதென்று பைத்தானை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் யூ.டி.எஃப்-8 என்று குறிக்காவிட்டால் தமிழும் அரபியும் சிதையக்கூடும்.

வலமிருந்து இடம் செல்லும் அரபி வரியில் தமிழ்ப் பெயரும் எண்ணும் சேரும்போது அடைப்புக்குறிகள் இடம் மாறிக் குதிக்கும். நகரத்து மென்பொருளாளர் பலர் இதில் திணறுவதாக மருமகன் சொன்னான். அரபுத்தமிழ் நூல்களைக் கண்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கோ அது இரண்டு நாள் வேலையாக இருந்தது.

இப்போது வியாழன்தோறும் வகுப்பு நடக்கிறது. அத்தாயாரின் மகனும் வருகிறான். தாங்கள் செய்த பக்கத்தை உறவினர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டனர். அதற்கு வெளியே ஒரு சர்வர் வேண்டும். வெளியே என்றால் இணையம் வேண்டும். அதைப் பற்றி நிர்வாகக் குழு இன்னும் கூடவில்லை.